முதிரைப் பெட்டியில் ஒரு வால்வு அம்ப்

வால்வு அம்ப் (கண்ணாடிக் குழாய் வால்வுகளால் சத்தத்தைப் பெருக்குகிற அம்ப்ளிஃபயர்) கட்டுகிறவர்கள் பெரும்பாலும் இரும்பிலோ அலுமினியத்திலோதான் பெட்டி செய்வார்கள். நான் முதிரை மரத்தில் செய்தேன். ஆரையம்பதியில் எங்கள் வளவிலிருந்து கடற்கரை நடக்கிற தூரம்தான். இரும்புத் தகட்டுக்கு என்ன பெயின்ட் அடித்தாலும், துளை போட்ட விளிம்பில் உப்புக்காற்று புகுந்து துரு ஏறிவிடும். தகட்டை மட்டம் பிசகாமல் மடித்து, வால்வு சொக்கெட்டுக்கு வட்டமாகத் துளை வெட்டித் தருகிற பட்டறையும் கிட்டடியில் இல்லை. மரவேலைக்கு என்றால் ஒழுங்கைக்கு ஒரு ஆள் உண்டு.

ஆனால் ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். உலோகப் பெட்டி நாம் கேட்காமலே மூன்று வேலை செய்து தருகிறது. உள்ளே இருக்கிற எல்லா உலோகப் பாகத்தையும் எர்த்தோடு சேர்த்துப் பிடிக்கிறது. வெளியே இருந்து வருகிற இரைச்சலை மறிக்கிறது. சூட்டை வாங்கி வெளியே விடுகிறது. மரம் இதில் ஒன்றையும் செய்யாது. வயராலும் தகட்டாலும் துளையாலும் நாம்தான் செய்ய வேண்டும். என் நேரத்தில் பெரும்பகுதி அதற்குத்தான் போனது, இங்கே எழுதுவதும் பெரும்பாலும் அதைத்தான்.

வால்வுகள் பெரியப்பாவின் பழைய ரேடியோகிராமில் இருந்து வந்தவை. பெட்டியைக் கறையான் தின்றுவிட்டது. உள்ளே இரண்டு ஈசிஎல் 82 பழுதில்லாமல் இருந்தன. ஐரோப்பிய வால்வுகளின் பெயரைப் படிக்கத் தெரிந்தால் பாதி விஷயம் விளங்கிவிடும். முதல் எழுத்து ஹீட்டருக்கு, அதாவது வால்வைச் சூடாக்குகிற உள்கம்பிக்கு உரியது. ஈ என்றால் 6.3 வோல்ட். சி என்பது ஒரு ட்ரயோட் (சின்ன சிக்னலைப் பெருக்குகிற பகுதி), எல் என்பது ஒரு பவர் பென்டோட் (ஸ்பீக்கரை ஓட்டுகிற பகுதி), 8இல் தொடங்குகிற எண் ஒன்பது கால் சொக்கெட். அதாவது ஒரே கண்ணாடிக்குள் முன்கட்டமும் பின்கட்டமும் இருக்கின்றன. பக்கத்துக்கு ஒரு வால்வு, இரண்டு வால்வில் ஸ்டீரியோ. முதன்முதலாகக் கட்டுகிறவருக்கு இதைவிட வசதியான வால்வு எனக்குத் தெரிந்து இல்லை.

முதல் எழுத்து பி என்றோ யூ என்றோ இருந்தால் கவனம். பிசிஎல் 82 இன் ஹீட்டர் 16 வோல்ட், யூசிஎல் 82 இன் ஹீட்டர் 50 வோல்ட். கால்களின் ஒழுங்கு ஒன்றுதான், ஆனால் 6.3 வோல்ட்டில் அவை வேலை செய்யாது. இன்னொன்று, யூ வரிசை வால்வு போட்ட பழைய ரேடியோக்கள் பலவற்றில் பவர் ட்ரான்ஸ்போமரே கிடையாது. மெயின்ஸின் ஒரு வயர் நேரே உள்தகட்டில் இருக்கும். அப்படியான செட்டைத் திறக்க முன்னர் பிளக்கைக் கழற்றி உங்கள் கண்முன்னே வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடியின் உச்சியில், உட்பக்கம், வெள்ளி பூசியது போல ஒரு மினுக்கம் தெரியும். அது பால் நிறத்துக்கு வெளுத்திருந்தால் உள்ளே காற்றுப் புகுந்துவிட்டது, அந்த வால்வை வைத்துப் பயனில்லை. என்னுடையவை இரண்டும் பளபளவென்று இருந்தன. கால்கள் மட்டும் உப்புக்காற்றில் கறுத்துக் கிடந்தன. ஆக நைசான மட்டத்தாளால் ஒவ்வொரு காலையும் மெதுவாக உரசி, ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தேன். காலை வளைக்கக் கூடாது. கண்ணாடியும் கம்பியும் சேருகிற இடத்தில் மயிரிழை வெடிப்பு விழுந்தாலே வால்வு முடிந்தது. ரேடியோகிராமில் இருந்த மெழுகுக் கப்பாசிட்டர்களையும் மின்பகு கப்பாசிட்டர்களையும் ஒன்றுகூட எடுக்கவில்லை. அத்தனை வயதான கப்பாசிட்டர் கசியும், கசிந்தால் அடுத்த வால்வைக் கொண்டுபோய்விடும்.

மரத்துக்கு வருவோம். உடைத்த பழைய வீடொன்றின் யன்னல் நிலை கிடைத்தது. நல்ல வைரமான முதிரை, பல வருடம் காய்ந்தது. புது மரத்தில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம், கண்டிப்பாகக் கோணும். எங்கள் ஓடாவி மாமா வாளும் சீவுளியும் எடுக்க முன்னரே சொல்லிவிட்டார்: "நீளக் கை சட்டை போட்டுட்டு வா மருமகன், முதிரைத் தூள் பட்டா கடிக்கும்." அது உண்மை. முதிரைத் தூள் தோலில் பட்டால் சொறிச்சல் எடுக்கும், சிலருக்குத் தடிக்கவும் செய்யும். மூக்கையும் மூடிக்கொள்வது நல்லது.

பெட்டி 380 மில்லிமீட்டர் நீளம், 230 அகலம், 80 உயரம். நான்கு மூலையும் புறாவால் பொருத்து. மேல்பலகை 15 மில்லிமீட்டர் தடிப்பு. அதை நான்கு பக்கமும் பசை போட்டு ஒட்டத்தான் நினைத்திருந்தேன். மாமா விடவில்லை. "மாரிக்குள்ள இது ஊதும். இறுக்கிப் போட்டா மறுகா பலகை வெடிக்கும்." அதனால் பக்கச் சட்டத்தின் உட்பக்கம் காடி எடுத்து, மேல்பலகையை அதற்குள் தளர்வாக உட்கார வைத்தோம். நடுவில் மட்டும் இரண்டு திருகாணி. உள்ளே பூட்டுகிற அலுமினியத் தகட்டுக்கும் வட்டத் துளை போடாமல், நாருக்குக் குறுக்கே நீண்ட துளை போட்டேன். மரம் நகர்ந்தாலும் தகடு இழுபடாது.

சூட்டுக்கு இதுதான் ஏற்பாடு. ஈசிஎல் 82 இன் கண்ணாடி 22 மில்லிமீட்டர் விட்டம். அதன் ஹீட்டர் ஏறத்தாழ 5 வாட், பென்டோட் அனோட் (இலத்திரன் வந்து சேருகிற உள்தகடு) 6 முதல் 7 வாட், எல்லாம் அந்தச் சின்னக் கண்ணாடி வழியாகத்தான் வெளியேற வேண்டும். மரத்தில் 22 மில்லிமீட்டர் துளை போட்டு வால்வை நுழைத்தால் மரம் நாளடைவில் கருகும். ஆகவே மேல்பலகையில் 35 மில்லிமீட்டர் துளை வெட்டினேன். சொக்கெட்டை மரத்தில் பூட்டவில்லை. 2 மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டில் பூட்டி, அந்தத் தகட்டை மரத்துக்குக் கீழே 12 மில்லிமீட்டர் பித்தளைக் குழாய்த் துண்டுகளில் தொங்கவிட்டேன். அடிப்பலகைக்குப் பதிலாக ஓட்டைத் தகடு, அதற்குக் கீழே 20 மில்லிமீட்டர் கால்கள். காற்று அடியால் வந்து கண்ணாடியைச் சுற்றி மேலே போகும். இரண்டு மணித்தியாலம் ஓடிய பிறகும் துளையின் விளிம்பில் விரலை வைத்துக்கொண்டிருக்கலாம். சொக்கெட் பீங்கானாக இருக்கட்டும். பழைய பேக்கலைட் சொக்கெட்டுகள் இந்தச் சூட்டில் காலப்போக்கில் வெடிக்கும்.

இரைச்சலை மறிக்க, பெட்டியின் உட்சுவர் முழுக்க அலுமினியம் ஒட்டினேன். அச்சகங்களில் ஒருமுறை அச்சடித்து ஒதுக்கி வைக்கிற ஒஃப்செட் தகடுதான். கத்தரிக்கோலால் வெட்டலாம், துரு பிடிக்காது, விலையும் சொற்பம். ஒரு விஷயம்: அதன் மேல்படை கரண்ட்டைக் கடத்தாது. மீட்டரை வைத்துப் பார்த்தால் ஓப்பன் என்றே காட்டும். தகடும் தகடும் சேருகிற இடத்தையும் எர்த் லக் வருகிற இடத்தையும் வெள்ளை உலோகம் தெரியும்வரை மட்டத்தாளால் தேய்த்து, பல் வாஷர் போட்டு இறுக்க வேண்டும். அலுமினியத்தில் ஈயம் ஒட்டாது, அதனால் எல்லாம் போல்ட்தான்.

ட்ரான்ஸ்போமர் மூன்று. பவர் ட்ரான்ஸ்போமரைக் கல்முனையில் தண்ணீர் மோட்டர் வைண்டிங் செய்கிற ஒருவரிடம் சுற்றுவித்தேன்: 230 வோல்ட் உள்ளே, 185 வோல்ட் 150 மில்லி அம்பியர் ஒன்று, 6.3 வோல்ட் 2 அம்பியர் ஒன்று. வால்வை ஸ்பீக்கரோடு இணைக்கிற அவுட்புட் ட்ரான்ஸ்போமர் இரண்டையும் அவருடைய கைச்சக்கரத்தில் நானே சுற்றினேன். வால்வு அம்ப்பின் தரம் இதில்தான் இருக்கிறது. கப்பாசிட்டரை எந்த விலைக்கு வாங்கினாலும் சரி, அவுட்புட் ட்ரான்ஸ்போமர் மோசமென்றால் சத்தமும் மோசம்தான்.

கணக்கு இது. ஈசிஎல் 82 பென்டோட் 5600 ஓம் சுமையை விரும்புகிறது, என் ஸ்பீக்கர் 8 ஓம். ஒன்றை ஒன்றால் வகுத்தால் 700, அதன் வர்க்கமூலம் 26.5. ஆகவே பிரைமரி (வால்வுப் பக்கம்) 2650 சுற்று, செக்கண்டரி (ஸ்பீக்கர் பக்கம்) 100 சுற்று. பழுதான ஸ்டெபிலைசர்களில் இருந்து எடுத்த தகடுகள். நடுக்கால் 25 மில்லிமீட்டர், அடுக்கு 32 மில்லிமீட்டர். பிரைமரிக்கு 0.15 மில்லிமீட்டர் கம்பி, செக்கண்டரிக்கு 0.8. முதலில் பிரைமரியின் பாதி 1325 சுற்று, அதற்கு மேல் செக்கண்டரி முழுதும், அதற்கு மேல் பிரைமரியின் மறுபாதி. இப்படி நடுவில் வைத்தால் மேல் ஸ்தாயி நன்றாக வரும். ஒவ்வொரு படைக்கும் இடையில் மெல்லிய கடதாசி, பிரைமரிக்கும் செக்கண்டரிக்கும் இடையில் தடித்த மைலார் மூன்று சுற்று.

தகடு அடுக்குவதில் கவனம் வேண்டும். பவர் ட்ரான்ஸ்போமரில் ஈ வடிவத் தகடுகளை மாறி மாறிச் செருகுவோம். இங்கே அப்படிச் செய்யக் கூடாது. இந்த வகை அம்ப்பில் பிரைமரிக்குள் எப்போதும் ஒரே திசையில் டிசி கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும். இடைவெளி இல்லாவிட்டால் இரும்பு காந்தத்தால் நிரம்பிப்போய், தாழ்ந்த சுரங்கள் நசுங்கும். ஈ தகடுகள் எல்லாம் ஒரு பக்கம், ஐ தகடுகள் எல்லாம் மறுபக்கம், இரண்டுக்கும் நடுவில் 0.15 மில்லிமீட்டர் கடதாசி. முடிந்த பிறகு பிரைமரி 400 ஓம் அளவில் காட்டியது.

எங்கே பூட்டுவது என்பதைக் காதால் தீர்மானித்தேன். பவர் ட்ரான்ஸ்போமரை மட்டும் மெயின்ஸில் போட்டு, அவுட்புட் ட்ரான்ஸ்போமரின் செக்கண்டரியில் ஒரு ஹெட்போனை மாட்டி, அதைப் பலகையின் மேல் திருப்பித் திருப்பிப் பார்த்தால், ஒரு கோணத்தில் ஹம் (மெயின்ஸால் வருகிற உறுமல்) சட்டென்று அடங்கும். அந்த இடத்தில் பென்சில் கோடு. மரத்துக்கு உள்ள பெரிய நன்மை இந்த இடத்தில் தெரிகிறது. இரும்புப் பெட்டி என்றால் பவர் ட்ரான்ஸ்போமரின் காந்தப் புலத்தைத் தன் வழியாகவே அவுட்புட் ட்ரான்ஸ்போமருக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும். மரம் அதைத் தொடுவதே இல்லை.

சேர்க்கிட் பழைய வழிதான். ட்ரயோட் அனோட்டில் 220 கிலோ ஓம், கதோட்டில் (இலத்திரன் புறப்படுகிற முனை) 2.2 கிலோ ஓம், பென்டோட்டுக்கு 22 நானோ ஃபரட் வழியாக, அங்கே கிரிட்டில் (சிக்னல் நுழைகிற கம்பிவலை) 470 கிலோ ஓம் நிலத்துக்கு (சேர்க்கிட்டின் பொதுக் கம்பி), கிரிட் காலிலேயே ஒட்டிய 1 கிலோ ஓம். ஸ்கிரீனுக்கு 1 கிலோ ஓம். ஸ்பீக்கர் பக்கத்திலிருந்து 2.2 கிலோ ஓம் வழியாக ட்ரயோட் கதோட்டின் அடியில் உள்ள 100 ஓமுக்கு ஃபீட்பேக் (வெளியே வருகிற சிக்னலில் ஒரு பங்கை உள்ளே திருப்பிக் கொடுப்பது), கிட்டத்தட்ட 10 டெசிபல். பென்டோட் கதோட்டுக்கு 200 வோல்ட்டில் கணக்குப் பார்த்தால் 380 ஓம் வரும். கரண்டைக் கொஞ்சம் குறைக்க நான் 430 போட்டேன். இந்த வால்வின் அனோட் தாங்குவது 7 வாட்தான், எங்கள் பக்கம் நடுச்சாமத்தில் மெயின்ஸ் ஏறுகிற பழக்கம் உண்டு. பழைய வால்வைக் கொஞ்சம் இளைப்பாற விட்டால் கூடுதல் காலம் உழைக்கும்.

பவர் பக்கம் நான்கு 1என்4007 டயோட், 100 மைக்ரோ ஃபரட், 180 ஓம் 5 வாட், மறுபடி 100 மைக்ரோ ஃபரட். அந்தக் கப்பாசிட்டர்களுக்குக் குறுக்கே 100 கிலோ ஓம் 2 வாட் ஒன்றைக் கட்டாயம் போடுங்கள். சுவிட்சை நிறுத்திய பிறகும் அங்கே 250 வோல்ட் அளவு நிற்கும். இந்த ரெசிஸ்டர் ஒரு நிமிடத்துக்குள் அதை 25 வோல்ட்டுக்குக் கீழே இறக்கிவிடும். அப்படியும் கை வைக்க முன்னர் மீட்டரை வைத்துப் பார்ப்பதே வழக்கமாக இருக்க வேண்டும். ஒரு கையால் வேலை செய்யும்போது மறு கை பொக்கட்டுக்குள் இருக்கட்டும்.

எர்த்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், மரப்பெட்டியில் உயிர் ஆபத்து அங்கேதான். உலோகப் பெட்டியில் ட்ரான்ஸ்போமரைப் போல்ட் போட்டு இறுக்கினாலே அதன் இரும்பு எர்த் ஆகிவிடும். மரத்தில் இறுக்கினால் அந்த இரும்பு அந்தரத்தில் நிற்கிறது. உள்ளே வைண்டிங் கசிந்தால் போல்ட்டின் தலையில் மெயின்ஸ் வந்து இருக்கும், ஃபியூஸும் போகாது, ட்ரிப் சுவிட்சும் விழாது, யாராவது தொடும்வரை. அதனால் மூன்று ட்ரான்ஸ்போமரின் போல்ட், உட்தகடு, அடித்தகடு, சுவிட்சின் உடல், வொலியூமின் உடல் என்று வெளியே கை படக்கூடிய ஒவ்வொரு உலோகத்துக்கும் தனித்தனி பச்சை வயர் போட்டு ஒரே போல்ட்டுக்குக் கொண்டுவந்தேன். அங்கிருந்து மூன்று கால் பிளக்குக்கு. மெயின்ஸ் பக்கம் 500 மில்லி அம்பியர் ஃபியூஸ். இரண்டு கால் அடப்டரில் இந்த அம்ப்பைப் போடவே கூடாது.

சிக்னல் நிலத்துக்கு வேறு பாதை. வீட்டு வயரிங்கில் வருகிற 1/1.13 வயரை உரித்து, செம்புக் கம்பியை நேராக்கி, பவர் பக்கத்தில் இருந்து இன்புட் சொக்கெட்வரை ஒரே கோடாக ஓட விட்டேன். பெரிய கரண்ட் ஓடுகிற கப்பாசிட்டர்கள் ஒரு முனையில், பிறகு பென்டோட், பிறகு ட்ரயோட், மறு முனையில் இன்புட். எர்த் போல்ட்டோடு இந்தக் கம்பி சேருவது இன்புட் முனையில், ஒரே ஒரு இடத்தில். இரண்டு இடத்தில் சேர்ந்தால் அங்கே ஒரு வளையம், வளையத்தில் ஹம்.

முதல்முறை கரண்ட் கொடுக்கும்போது 60 வாட் குண்டு பல்ப் ஒன்றைத் தொடராக வைத்தேன். பல்ப் ஒருமுறை பளிச்சென்று எரிந்து மங்கினால் எங்கும் ஷோர்ட் இல்லை என்று அர்த்தம். மங்கியது. பல்ப்பை எடுத்துவிட்டு நேரே போட்டபோது உயர் வோல்ட் லைனில் 231, பென்டோட் கதோட்டில் ஒன்றில் 16.3, மற்றதில் 15.7. கதோட் வோல்ட்டை 430 ஆல் வகுத்தால் வால்வு எடுக்கிற கரண்ட் வந்துவிடும். 38 மில்லி அம்பியர், நான் எதிர்பார்த்த இடத்தில்தான். ஃபீட்பேக் வயரை முதலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் இதெல்லாம். பிறகு அதை ஒட்டியபோது வலது பக்கம் ஊளையிட்டது. ட்ரான்ஸ்போமரின் செக்கண்டரி வயர் இரண்டையும் மாற்றிப் போட்டால் சரி. எந்த முனை எது என்று பார்த்து அறிய இதைவிடச் சுருக்கமான வழி இல்லை.

ஊளை போனது, ஹம் மிஞ்சியது. ஹம் என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் இரண்டு வகை உண்டு. 50 ஹேட்ஸ் ஹம் தடித்த, மிருதுவான உறுமல். ஹீட்டர் வயரில் இருந்தோ, மறைப்பு இல்லாத கிரிட்டில் இருந்தோ வரும். 100 ஹேட்ஸ் ஹம் கரகரப்பானது; அது டயோட்டுக்குப் பிந்திய வடிகட்டலில் இருந்து வரும். எனக்கு வந்தது 50. ஹீட்டர் வயர்களை இறுக்க முறுக்கி மூலையோடு ஒட்டி ஓட்டியிருந்தேன், இரண்டு 100 ஓம் போட்டு நடுப்புள்ளியும் எடுத்திருந்தேன். அந்த நடுப்புள்ளியை நிலத்தில் வைக்காமல் பென்டோட் கதோட்டின் 16 வோல்ட்டில் தூக்கி வைத்தேன். இது நல்ல தந்திரம்: ஹீட்டரில் இருந்து ட்ரயோட் கதோட்டுக்குக் கசிகிற கொஞ்சக் கரண்டும் நின்றுவிடும். பாதிக்குமேல் குறைந்தது.

மிச்சம் இருந்த ஹம்முக்கு ஒரு குணம் இருந்தது. வொலியூம் குமிழைப் பிடித்தால் அடங்கும், விட்டால் வரும். குமிழின் நடுவே ஒரு சின்னத் திருகாணி, விரல் அதில் படும்போதுதான் அடங்குகிறது. வொலியூமின் உடலுக்குப் பச்சை வயர் ஏற்கெனவே போயிருந்தது. ஆனால் மீட்டரில் அந்த உடலுக்கும் அச்சுக்கும் இடையே தொடர்பு இல்லை. பழைய கிறீஸ் காய்ந்து அச்சு தனியாக நின்றது. உலோக முகப்பு என்றால் நட்டு அச்சின் கழுத்தை எர்த்தில் பிடித்துக்கொண்டிருக்கும், அச்சும் அதோடு உரசிக்கொண்டு நிற்கும். மரமுகப்பில் அதற்கு வழி இல்லை. வொலியூமைக் கழற்றி, பழைய கிறீஸைக் கழுவி, கழுத்துக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு பித்தளைத் தகட்டு வாஷரை வைத்து, அந்த வாஷருக்கு வயரை ஈயத்தால் ஒட்டிப் பூட்டினேன். ஸ்பீக்கரில் காதை ஒட்டி வைத்தால்தான் இப்போது ஏதோ கேட்கிறது.

பக்கத்துக்கு 3 வாட்டுக்குக் கொஞ்சம் மேலே. இது போதுமா என்று கேட்காத ஆள் இல்லை. 3 வாட்டுக்கும் 30 வாட்டுக்கும் வித்தியாசம் 10 டெசிபல்தான். பழைய எட்டு அங்குலக் கடதாசிக் கூம்பு ஸ்பீக்கர் மாதிரி, ஒரு வாட்டுக்கு 90 டெசிபலுக்கு மேல் தருகிற ஸ்பீக்கர் இருந்தால் விறாந்தையில் போட்டு முற்றம்வரை கேட்கலாம். இந்தக் காலத்துச் சின்னப் பெட்டி ஸ்பீக்கர்கள் சரிவராது. இன்புட்டுக்கு 0.3 வோல்ட் போதும் என்பதால் ஃபோனில் இருந்தே ஓட்டலாம்.

நான் சோதித்துப் பார்த்தது எங்கள் பக்கத்து வடமோடிக் கூத்தின் ஒலிப்பதிவு ஒன்றில். அண்ணாவியாரின் (கூத்தை நடத்துகிற ஆசான்) குரலும் சல்லரியும் (கைத்தாளம்) இதில் வருகிற மாதிரி என் ஐசி அம்ப்பில் வந்ததில்லை. சல்லரியின் தட்டு தெளிவாக விழுந்து, அதன் இழுவை கடைசிவரை கேட்கிறது. பிற்பாட்டுக்காரர்களின் குரல்களைத் தனித்தனியாகப் பிரித்தறிய முடிகிறது. மத்தளத்தில் இடந்தலையின் அடி மட்டும் கொஞ்சம் மெலிவு. காரணம் அவுட்புட் ட்ரான்ஸ்போமரின் இரும்பு சிறிது. 50 ஹேட்ஸ் பக்கம் போகப் போகச் சத்தம் விழுகிறது. இதைக் கப்பாசிட்டர் மாற்றிச் சரிசெய்ய முடியாது, இரும்பைத்தான் கூட்ட வேண்டும்.

மாரி முடிந்து தை மாதம் அடியைத் திறந்து பார்த்தேன். மேல்பலகை காடிக்குள் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு ஊதி மறுபடி இறங்கியிருந்த தடம் பொலிஷில் தெரிந்தது, எங்கும் வெடிப்பு இல்லை. எர்த் லக்குகளில் இரண்டு மட்டும் தளர்ந்திருந்தன. மரம் அசைந்தால் போல்ட்டும் தளரும். வருடத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் இறுக்கி, ஒவ்வொரு போல்ட்டில் இருந்தும் பிளக்கின் எர்த் காலுக்கு மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். அடுத்தது ஈஎல் 84 போட்டு, 40 மில்லிமீட்டர் அடுக்கில் ட்ரான்ஸ்போமர் சுற்றி. தகடு சேர்த்துவிட்டேன், மரம் இந்தமுறை பலா.